பச்சையாக இருந்த இடம்

எனக்கு ஒன்பது வயது இருக்கும். சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். ரப்பர் விலை படுத்துவிட்ட காலம். வாரத்தில் இரண்டு நாள்தான் ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டக் கூப்பிட்டார்கள். அம்மா தம்பியைப் பெற்று மூன்று மாதம். வயிற்றுக்குச் சரியாகச் சாப்பாடு இல்லாமல் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. எங்களிடம் ஒரு மாடு இருந்தது. கன்றுக்கும் தம்பிக்கும் அந்த ஒரு மடிதான்.

மாட்டுக்குப் புல் அறுப்பது என் வேலை. அதனாலேயே மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அந்த வெயிலில் புல் முற்றிக் கிடந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பால் அரைச் சிரட்டைக்கு வந்துவிட்டது.

"உங்க மாடு தொரை வீட்டு மாடுடி. தட்டுல வெச்சுக் குடுத்துப் பாரு, திங்கும்" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வாரம் அப்பாவுக்கு லாலாங் புல்லுக்கு மருந்தடிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். அந்தப் புல் வெட்ட வெட்ட முளைக்கும்; மருந்துக்குத்தான் சாகும். வேலை முடிந்து வந்து குளிக்காமல் அப்பா தம்பியைத் தொடமாட்டார். "மருந்தடிச்ச பக்கம் போகாத" என்று எனக்கும் சொல்லியிருந்தார்.

நான் போகவில்லை என்றுதான் நினைத்தேன். மருந்து பட்ட புல் மஞ்சளாகக் காயும் என்று தெரியும். ஆகையால் மஞ்சள் காட்டைச் சுற்றிக்கொண்டு போய், அதற்கு அப்பால் பச்சையாக இருந்த இளங்குருத்தை அறுத்தேன். அடித்த அன்றைக்கு எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மாடு அதை ஆசையாகத் தின்றது. புல்லின் அடித்தாளை நக்கிக்கூடப் பார்த்தது. அந்த மருந்து உப்புக் கரிக்குமாம், பின்னால் தெரிந்துகொண்டேன். நான் சந்தோஷப்பட்டு ஓடிப்போய் இன்னொரு கட்டு அறுத்து வந்து போட்டேன்.

விடிந்து பார்த்தால் மாடு படுத்துக் கிடந்து பல்லை நறநறத்தது. சாணியில் ரத்தம். மடியில் கைவைக்க அப்பா விடவில்லை.

"மருந்து தின்னுருக்கு. எங்க அறுத்தம்மா?"

"ஆத்தோரம்" என்றேன். ஆற்றுப் பக்கமே நான் போகவில்லை.

அவர் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப நாந்தான் சரியாக் கட்டல. அவுத்துக்கிட்டுப் போயிருக்கு."



உச்சிப்பொழுதுக்குள் மாடு செத்துப்போய்விட்டது. லயத்துக்குப் பின்னால் புதைத்தோம். நாய்கள் தோண்டித் தின்று இரண்டு செத்தன. நாயைக் கொத்திய காக்கைகள் கால்வாயோரம் கிடந்தன. வெயிலைத் தின்று புல், புல்லைத் தின்று மாடு, மாட்டைக் கொண்டு தம்பி என்று எங்கள் வீட்டில் உயிர் வந்த வழி அதுதான். அதே வழியில் மருந்தும் நடந்து போயிற்று.

கன்றுக்கு இன்னும் புல் கடிக்கத் தெரியாது. பால் இல்லாமல் ஐந்தாம் நாள் அதுவும் விழுந்தது. தம்பி கஞ்சித் தண்ணீரில் ஒன்றரை மாதம்தான் இருந்தான்.

அதற்குப் பிறகு அப்பா எதைக் கட்டினாலும், விறகுக் கட்டானாலும், முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பார். சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.