சத்தியவேட்டுக்கு வந்த பனிமலை டயர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மச்சான் முனிரத்தினம் வாசலில் வண்டியை நிறுத்தி விடாமல் ஹாரன் அடித்தான்.

"மாமா, டயர் வாங்கணும். நீ கூட வந்தாதான் கடைக்காரன் ஏமாத்த மாட்டான்."

பத்திரிகையில் எழுதுகிறவனைக் கண்டால் டயர் கடைக்காரர்கள் நடுங்குவார்கள் என்று இவனுக்கு யார் சொன்னது?

முனிரத்தினம் என் மனைவியின் தம்பி. எங்கள் பக்கம் ஃபேக்டரிகள் வந்ததும் நெல்லுக்குக் கும்பிடு போட்டுவிட்டு ஒரு எஸ்.யூ.வி. வாங்கினான். சத்தியவேட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஸ்ரீ சிட்டி ஃபேக்டரிகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போவதுதான் தொழில். வண்டிக்குள் நீல லைட் உண்டு, ஸ்பீக்கர் உண்டு, கண்ணாடியில் சாமி ஸ்டிக்கர் உண்டு. டயரில் மட்டும் ரோட்டைப் பிடிக்கும் பட்டன் கிடையாது. நான்கும் என் மண்டையைவிட வழுவழுப்பு!

புத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். தெலுங்குக்காரர். பளபளவென்று ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சார், இதி ஆல் சீசன். எண்டா, வானா, சலி... அன்னிட்டிகீ ஒகட்டே டயர்!"

அதாவது வெயில், மழை, குளிர் மூன்றுக்கும் ஒரே டயராம். பக்கவாட்டில் ஒரு மலைப் படம், அதற்குள் பனிச்செதில் மாதிரி ஒரு பூ. ஐஸ் கொட்டும் ரோட்டில்கூட வழுக்காதாம்.

"சத்தியவேட்டுல எப்பங்க ஐஸ் கொட்டுச்சு?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். மச்சானோ டயரைப் பார்த்துப் பரவசத்தில் கண் கலங்காத குறை. "மாமா, ஐஸ்லயே ஓடுதுன்னா நம்ம ஊரு மழை இன்னா பண்ணும்?"

நமக்கு இருப்பதே மூன்று சீசன் — வெயில், கடும் வெயில், புயல். குளிர் நாட்டுக்காகச் செய்த மெத்தென்ற ரப்பர் எங்கள் சித்திரை வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும், எடை தாங்குகிற நல்ல ஹைவே டயர் போதும் என்றேன். மொபைலில் வீடியோ பார்த்துச் சேர்த்த அறிவுதான். யார் கேட்டார்கள்?

கையிலிருந்த காசுக்கு அந்த மலைப் பட டயர் இரண்டுதான் வந்தது. சரி, இரண்டையும் பின்னாடி போடு, மழையில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகாது என்றேன்.

"பின்னாடி யாரு மாமா பாக்கறா?"

முன்னாடி மாட்டினான். சூடம் காட்டினான். இரண்டு புது டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். பின்னால் இருந்த பழசுக்குப் பழம்கூடக் கிடையாது. கண் திருஷ்டியும் அழகாக இருப்பதன் மேல்தானே படும்?

புதன்கிழமை மழை. ஏரிக்கரை வளைவில் பிரேக் போட்டான். முன்பக்கம் சமர்த்தாக நின்றது. பின்பக்கம் தனியாக ஏரியைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. உள்ளே இருந்த பெண்கள் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் பாட்டே கேட்கவில்லையாம். நல்லவேளை, கரை மண்ணில் சிக்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை.

மறுநாள் காலையில் ஒருத்தியும் ஏறவில்லை. கோமளா என்ற பெண் மட்டும் ஜன்னலோரம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்.

"அண்ணா, உங்க வூட்டம்மாவும் எங்க ஃபேக்டரி லைன்லதான் வேலை செய்யுது. அது மட்டும் ஏன் தெனமும் பஸ்ல வருது?"

மச்சான் வெறும் வண்டியைத் திருப்பினான். என் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அந்த ட்ரிப் போனால் பிழைப்பே போனது.

அன்று சாயங்காலம் அவனோடு அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி செல்வியைக் கேட்டேன். "ஏம்மா, வீட்டு வண்டி இருக்கும்போது பஸ் எதுக்கு? நசுங்கிக்கினு போறியே?"

செல்வி தயங்கவே இல்லை.

"எனக்கு ரெண்டு பசங்க இருக்குது அண்ணா. மத்த பொம்பளைங்களுக்கும் இருக்குதுன்னு அவருக்கு எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். பாட்டு சத்தத்துல அவருக்கு எங்க கேக்குது?"

மச்சான் எழுந்து போய் வண்டியிலிருந்த ஸ்பீக்கரைக் கழற்றினான்.

மறுநாளே ஸ்பீக்கர் விலை போனது. பின்னாடி இரண்டு புது டயர் வந்தது. மலை இல்லை, பூ இல்லை. அசிங்கமான, முரட்டு ஹைவே டயர். கடைக்காரருக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது.

திங்கட்கிழமை நல்ல மழை. பெண்கள் கூட்டமாக ரோட்டோரம் நின்றார்கள். யாரும் கதவைத் தொடவில்லை. எல்லோரும் அவர்களோடு நின்ற செல்வியையே பார்த்தார்கள். அவள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். பின் டயரைக் குனிந்து தடவிப் பார்த்தாள். மச்சான் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்பவன் மாதிரி நின்றான்.

கடைசியில் செல்வி ஏறினாள். ஸ்டெப்னி டயரையும் காட்டச் சொல்லி, பார்த்துவிட்டுத்தான்!