கடைசி ஸ்டாப் வரை தூங்கிய கணக்கு டீச்சர்

பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது பிள்ளைகள் வேலை என்பார்கள். கணக்கு டீச்சர் அந்தப் பேச்சைப் பொய்யாக்கினாள். ஒரே பருவத்தில் பதினோரு நாள் ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மை! பன்னிரண்டாவது விழுந்தால் மாறுதல் உத்தரவு, அதுவும் வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரத்துக்கு என்று ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி என்று மாற்றி மாற்றிக் காரணம் எழுதிக் கொடுத்தாள். உண்மையை எழுத வெட்கம். அம்மாவுக்கு ஞாபகம் மங்கி இரண்டு வருடம் ஆகிறது. இரவெல்லாம் "விடிஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறக்கப் போவாள். மகளுக்கு ஒரு பொட்டுத் தூக்கம் கிடையாது. காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்ததும் இவள் ஓடிப்போய் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவாள். அவ்வளவுதான், ஆள் காலி.

அந்தத் தூக்கம் இருக்கிறதே, அடடா! இமை மேல் இளவெயில் விழும். கரும்பலகை தண்ணீராகி மெல்ல அசையும், எழுதிய எண்கள் ஒவ்வொன்றாய் மிதந்து போகும். முன் சீட்டில் அம்மா, பழைய அம்மாவாகத் திரும்பி, இவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். விழித்திருக்கும் அம்மாவுக்கு அந்தப் பெயர் மறந்து எத்தனையோ மாதம் ஆயிற்று. அதை விட்டு யார்தான் எழுந்து வருவார்கள்? கண் திறந்தால் ஏரிக்கரை, கடைசி ஸ்டாப். திரும்பும் பஸ் பதினொன்றரைக்கு.

"எழுப்பக் கூடாதாண்ணே?" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனாள்.

"எழுப்பத்தான் வரேன் டீச்சர். முகத்தப் பாத்தா மனசு வர மாட்டேங்குது."

நல்ல மனசுதான்! அந்த நல்ல மனசு இவள் வேலைக்கு உலை வைத்தது. இனிமேல் கட்டாயம் எழுப்புவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாளும் கண் திறந்தபோது எதிரே ஏரி. பன்னிரண்டாவது சிவப்பு மை! கண்டக்டரைத் திட்டத் திரும்பினால், பக்கத்து சீட்டில் மடியில் பையோடு ஹெட்மாஸ்டர்.

"சார்! நீங்களா?"

"லீவ எழுதிக் குடுத்துட்டு எங்கதான் போறீங்கன்னு கையும் களவுமா புடிக்கலாம்னு ஏறினேன். அவர் எழுப்பத்தாம்மா வந்தாரு. நான்தான் வேணாம்னு கை காட்டிட்டேன்."

"ஏன் சார்? என் தலையெழுத்தே இன்னைக்குத்தானே முடிவாகுது!"

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தூக்கத்துல 'வந்துட்டேம்மா'ன்னு சொன்னீங்க. சிரிச்சீங்க. அதுக்கு மேல எப்படி எழுப்பறது?"

அவளுக்கு அடக்க முடியவில்லை. விக்கி விக்கி அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கேட்டு முடித்ததும் அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நாளையிலேருந்து மொத பீரியட் நான் எடுக்கறேன். நீங்க ரெண்டாவதுக்கு வாங்க. மேல கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

"இன்னைக்கு, சார்? சிவப்பு மை?"

அவர் கைக்குட்டைக்காகப் பைக்குள் கைவிட்டார்; கையில் வந்தது ஒரு சாவிக்கொத்து. பார்த்ததும் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது.

"ஆபீஸ் சாவி! ரிஜிஸ்டர் உள்ள இருக்கு. இன்னைக்கு ஒருத்தரும் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது," என்றார். "நாம போய்த்தான் திறக்கணும். நீங்களே மொதல்ல போடுங்க."