பதினெட்டுச் சரிகளும் ஒரு கேள்வியும்

என் மேசை லாச்சியில் ஒரு தாள் இருக்கிறது. நான்காக மடித்தது, மடிப்புகள் கிழியத் தொடங்கியதால் பின்புறம் ஒட்டுநாடா ஒட்டியிருக்கிறேன். நீரிழிவு நோயாளி வீட்டில் தானே இன்சுலின் போட்டுக்கொள்ள ஒரு தாதி எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதைப் பதினெட்டுப் படிகளாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் எதிரே ஒரு சிறிய பெட்டி. பதினெட்டிலும் நீல மையில் சரி விழுந்திருக்கிறது. அவை நான் என் வேலைக்கு நானே போட்டுக்கொண்ட சரிகள். பெட்டிகளுக்கு வெளியே பென்சிலில் இலக்கங்கள் உண்டு. அதே படிகளை இன்னொருவர் எந்த ஒழுங்கில் செய்தார் என்று பார்த்துக் குறித்தவை. அவர் பதினாறாவது படியை மூன்றாவதாகச் செய்திருக்கிறார், நான்காவதைப் பத்தாவதாக. எல்லாவற்றுக்கும் கீழே, அச்சில் இல்லாத ஒரு வரியைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பெட்டி இல்லை.

அந்த இன்னொருவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். தாதியர் பயிற்சியில் எங்கள் அணியில் அவரே மூத்தவர். என்னைவிட மூன்று வயது கூட. ஜெயபுரத்துக்காரர். பெற்றோர் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் கதைக்கும்போது எங்கள் ‘வாங்கோ’வும் அவர்கள் வீட்டு ‘வாங்க’வும் கலந்தே வரும். என் அப்பாவின் ஊர் யாழ்ப்பாணம். இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்ய வந்தவர். விடுதியில் எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவே ஒரு அலுமாரி. அதன் என் பக்கத்துக் கதவு முழுக்க நான் எழுதி ஒட்டிய பட்டியல்கள். அக்காவின் பக்கத்துக் கதவில் ஒரு கண்ணாடி மட்டும்.

முதலாம் வருடத்தில் விரிவுரையாளர் ஒருவர் எங்களிடம் ஒரு படிவத்தைத் தந்தார். நிரப்பிக் கூட்டிப் பார்த்தால், நீங்கள் பார்த்துப் படிப்பவரா, கேட்டுப் படிப்பவரா, வாசித்து எழுதிப் படிப்பவரா, செய்து படிப்பவரா என்று அது சொல்லிவிடும். எனக்கு வந்தது சந்தேகமே இல்லாமல் வாசிப்பு. அக்காவுக்கு நாலும் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. பின்வாங்கிலிருந்த ஒருத்தி, “நாலு பக்கத்தாலயும் படிச்சும் ஏனக்கா சோதினையில மட்டும் இப்பிடி?” என்று கேட்டாள். “நாலு வாசல் வச்ச வீடு பிள்ளை. உள்ள வாறதெல்லாம் மற்ற வாசலால வெளிய போயிருது” என்றார் அக்கா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சிரிக்க முடியாத நிலை இரண்டாம் வருடம் வந்தது. செய்முறைப் பரீட்சையில் வரிசையாக மேசைகள் இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலை, எட்டு நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. இன்சுலின் மேசையில் அக்கா ஒன்பதாவது படியில் நின்றபோது மணி அடித்துவிட்டது. மீதி மேசைகளில் தப்பியும், அந்த ஒன்றால் தவறினார். திரும்ப எழுத ஒரேயொரு வாய்ப்புத்தான் இருந்தது. அதிலும் தவறினால் பயிற்சியை விட்டுவிட்டு ஜெயபுரத்துக்குப் போக வேண்டியதுதான். வகுப்பில் பட்டியல்களுக்குப் பேர்போனவள் நான் என்பதால், அவரைத் தயார்ப்படுத்தும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பதினெட்டையும் எழுத வைத்தேன், ஒப்பிக்க வைத்தேன், நடுவில் ஒரு இலக்கத்தைச் சொல்லி அது எந்தப் படி என்று கேட்டேன். பின்னேரங்களில் விடுதி விறாந்தையில் ஒரு தலகணியைக் கதிரையில் இருத்தி, அதுதான் நோயாளி என்றேன். ஒப்பிக்கும்போது அக்காவுக்கு எல்லாம் வரும். தலகணிக்கு முன்னால் இருந்ததும் குழம்பிவிடும். காரணம் எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் அதைக் குற்றமாகத்தான் எண்ணினேன். அவர் தலகணியிடம் கேள்வி கேட்பார்.

“அம்மா, வீட்டில இத எங்க வைப்பீங்க?”

“அக்கா, அது லிஸ்டில இல்லை.”

“கேக்காம எப்பிடித் தங்கச்சி சொல்றது? நாம சொல்லிக்கிட்டே போனா அவங்க ஓம் ஓம்னுதானே சொல்லுவாங்க.”

“ஓம் எண்டால் விளங்கீற்றுது எண்டுதான் அர்த்தம். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் மணி அடிச்சுப் போடும். விடுங்கோ.”

அவர் விட்டுவிட்டார். என்னை நம்பினார் என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பரீட்சைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, நாங்கள் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு அம்மாவுக்கு இன்சுலின் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. இரணைமடுக் குளத்தில் மீன் பிடிக்கும் குடும்பம். புருஷன் பிடிப்பதை அவர் பெட்டியில் வைத்துச் சந்தியில் விற்பார். தாளை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டையும் சொன்னேன். பதினாறாவது: மருந்தைக் குளிரான இடத்தில் வைக்க வேண்டும், உறைய விடக் கூடாது. “ஓம் மிஸி” என்றார். ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு சரி போட்டேன். ஏழு நிமிடத்தில் முடிந்தது. அன்று மாலை அக்காவிடம் அந்த நேரத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

எட்டாம் நாள் அந்த அம்மா திரும்ப அனுமதிக்கப்பட்டார். சீனி கட்டுக்கடங்காமல் ஏறி, நாக்கு வறண்டு, எழுந்து இருக்கத் தெம்பில்லாமல் வந்தார். ஊசியை ஒருநாளும் தவறவிடவில்லை என்று மகள் சத்தியம் செய்தாள். வார்ட் சிஸ்டர் மருந்துக் குப்பியைக் கேட்டு வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். உருட்டினால் பால்போல் கலங்க வேண்டிய மருந்து கட்டி கட்டியாகக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

“இதை எங்க அம்மா வச்சனீங்கள்?”

“மீன்பெட்டிக்குள்ள. மிஸி குளிரா வைக்கச் சொன்னவா. எங்கட வீட்டில பிரிஜ் இல்லை. ஐசுக்குள்ள நல்லாத் தாட்டு, மேல உப்பும் தூவி வச்சன். மீனே பழுதாகாமல் கிடக்கு, மருந்து பழுதாகுமே?”

“உப்புப் போட்ட ஐசில மருந்து உறைஞ்சு பழுதாப் போச்சு. ஆர் இவவுக்குச் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் சிஸ்டர்” என்று தாளை நீட்டினேன். அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கிறீர்” என்று திருப்பித் தந்தார். ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் அந்த அம்மா தேறினார். திரும்பச் சொல்லிக்கொடுக்க என்னையும் அக்காவையும் சிஸ்டர் சேர்த்தே அனுப்பினார். என் தாளையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு கட்டில் காலடியில் நின்றேன். அக்கா பெயரைக் கேட்டார், கையைக் கழுவினார், பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“அம்மா, இப்ப நாங்க உங்க வீட்டு வாசல்ல நிக்கிறம்னு வைங்க. உள்ள கூட்டிட்டுப் போங்க. மருந்த எங்க வைக்கலாம்?”

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மீன்பெட்டிப் பக்கம் போகேலாது போல.”

“அது மீனுக்கே இருக்கட்டும்.”

குசினி மூலையில் தண்ணீர்ப் பானை இருப்பதாகச் சொன்னார். அதுபோல இன்னொரு சின்ன மண்பானையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குப்பியை நனையாமல் உறையில் கட்டி உள்ளே வைக்கலாம் என்று இருவருமாக முடிவெடுத்தார்கள். அங்கிருந்து கதை வீடு முழுக்க நடந்தது. கறி அடுப்பில் இருக்கும்போதே ஊசியைப் போட்டுவிடாமல், சோறு தயாரான பிறகு போட வேண்டும் என்பது அடுப்படியில் வந்தது. பாவித்த ஊசியைப் பேரப்பிள்ளை எடுக்காதபடி மூடியுள்ள போத்தலில் போட வேண்டும் என்பது பிள்ளை விளையாடும் இடத்தில் வந்தது. சந்தியில் மீன் விற்கும்போது சீனி இறங்கிக் கை நடுங்கி வியர்த்தால் என்ன செய்வது என்று கேட்க, “சீலைத் தலைப்பில இனிப்பு முடிஞ்சு வைக்கிறன்” என்று அந்த அம்மாவே சொன்னார். கடைசியில் வெற்று ஊசியை அவர் கையில் கொடுத்து, “இப்ப நான்தான் நோயாளி. எனக்குச் சொல்லித் தாங்க” என்றார் அக்கா. நான் இலக்கங்களைப் போட்டுக்கொண்டே இருந்தேன். பதினெட்டில் ஒன்றும் விடுபடவில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பரீட்சையில் தருவது எட்டு.

திரும்பி வரும்போது அந்தப் பன்னிரண்டைப் பற்றி மட்டும் அக்காவிடம் சொன்னேன். “அப்ப நான் பெயில்தானே” என்றார். “இல்லை, நாலு நிமிசம் குறைக்கவேணும்” என்றேன். அது எனக்குத் தெரிந்த வேலை. எந்தப் படிகள் ஒழுங்கு மாறக் கூடாதவை என்று பிரித்தேன், ஆறு வந்தன. அந்த ஆறையும் தூண்களாக நட்டோம். மீதி பன்னிரண்டும் நோயாளி சொல்லும் விடையைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கு நடுவே வரலாம். தலகணியை எடுத்துவிட்டு நானே கதிரையில் இருந்தேன். ஒருநாள் கண் தெரியாத அம்மா, ஒருநாள் ஊசிக்குப் பயந்த ஐயா, ஒருநாள் வயலில் நின்று நேரத்துக்குச் சாப்பிடாத பெண். நடிக்க எனக்கு வராது. “உன்ன மாதிரி நோயாளி இருந்தா வார்ட்டையே பூட்டிரலாம் தங்கச்சி. எல்லாத்தையும் எழுதி வச்சிட்டு வருவ” என்று அக்கா சிரிப்பார். பத்து நிமிடம் ஆனது, பிறகு ஒன்பது, பிறகு எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நின்றுவிட்டது.

ஒரு மதியம், எனக்குப் புத்தகம் எப்படி இவ்வளவு ஒட்டுகிறது என்று அக்கா கேட்டார். யோசித்துப் பார்த்தேன். போரில் இடம்பெயர்ந்த நாட்களில் என் அப்பா நெல் மூட்டையை விட்டுவிட்டு என் புத்தகப் பையைத்தான் சைக்கிளில் கட்டினார். முகாமில் அக்காவின் கூடாரத்தில் புத்தகமே இருக்கவில்லை. பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளை வாசிக்க, ஐந்து பேர் சுற்றியிருந்து கேட்டு, விளங்காததைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் படித்திருக்கிறார்கள். படிவம் எங்கள் வகை என்று சொன்னது, அநேகமாக எங்களுக்குக் கிடைத்ததையும் கிடைக்காததையும்தான்.

பரீட்சையன்று நான் நடைபாதையில் நின்றேன். எட்டாம் நிமிட மணி கேட்டது. கதவு திறந்து அக்கா வெளியே வந்தார். வாசலிலேயே திரும்பி, நோயாளியாக நடித்த உத்தியோகத்தரிடம், “அடுத்த கிளினிக்குக்குக் குப்பியையும் கொண்டு வாங்க அம்மா” என்றார். அது பதினெட்டாவது படி. மணிக்குப் பின்னால் சொன்னது கணக்கில் வந்ததா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெறுபேறு ஒட்டியபோது அக்காவின் பெயர் சித்தியடைந்தவர்களில் இருந்தது. அவர் அதை வாசிக்கவில்லை. “நீ வாசி, நான் கேக்கிறன்” என்றார். இரண்டு தரம் வாசித்தேன்.

இப்போது அக்கா மல்லாவிப் பக்கத்தில் தாதி. நான் தாதிய மாணவர்களுக்குச் செய்முறை படிப்பிக்கிறேன். ஆளுக்கொரு வகை என்று பிரித்து, அந்த வகையிலேயே படிப்பிப்பதால் பெரிய பயன் இல்லை என்று எனக்குக் கிடைத்த ஆசிரியப் பயிற்சியில் சொன்னார்கள். ஊசி பிடிக்க எல்லோருக்கும் கை பழக வேண்டும். மருந்தின் அளவை எல்லோரும் வாசித்துத்தான் அறிய வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கு அக்காவின் நாலு வாசல் நினைவு வந்தது. ஒரே வாசலோடு இருந்தவள் நான்தான்.

போன கிழமை ஒரு மாணவி, என்னைப் போலவே எல்லாவற்றையும் எழுதி வைப்பவள், இன்சுலின் படிகளை ஆறு நிமிடத்தில் செய்து காட்டினாள். தாளின்படி முழுப் புள்ளி. முழுப் புள்ளியே போட்டேன். பிறகு லாச்சியைத் திறந்து பழைய தாளை விரித்துக் கடைசி வரியைக் காட்டினேன். “வீட்டில இதை எங்க வைப்பீங்கள்?”

“இதுக்கு எத்தினை புள்ளி மிஸ்?”

“புள்ளி இல்லை. வெளிய விறாந்தை கூட்டிக்கொண்டு நிக்கிற அம்மாவுக்கு இப்பதான் இன்சுலின் தொடங்கியிருக்கு. அவவிட்டைப் போய் இதைக் கேட்டு, அவவுக்குச் சொல்லிக் குடுத்திட்டு வாரும்.”

ஆறு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று நினைத்திருப்பாள் போலும். அரை மணித்தியாலம் கழித்துத்தான் வந்தாள். அவள் கையிலிருந்த தாளில் ஒரு சரிகூட விழுந்திருக்கவில்லை.

“மிஸ், அவ பகல் முழுக்க இஞ்ச. வீட்டில கறண்டும் இல்லையாம். மருந்தை எங்க வைக்கச் சொல்லுறது?”

பக்கத்துக் கதிரையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னேன். பழைய தாள் இன்னும் மேசையில் விரிந்தபடியே கிடந்தது. அதன் ஓரத்தில் ஒரு பென்சிலை வைத்தேன்.