நசீர் பாய்க்குக் குடுக்காத ஒரு நிமிஷம்

நசீர் பாய் போயிட்டாரு.

நேத்து சாயங்காலம் கடையிலயே மூச்சு முட்டியிருக்கு. ஆட்டோல ஏத்தி ஆஸ்பத்திரி போறதுக்குள்ள... முடிஞ்சிடுச்சு.

எங்க பழைய ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்ல வரிசையா கும்பிடு போட்டுக்கினு இருக்காங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு, "பாவம், ஆஸ்துமா. விதி, என்ன பண்றது"ன்னு.

விதியாம் விதி! வாயில நல்லா வருது எனக்கு.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். தி.நகர்ல ஒரு பெரிய ஜவுளிக்கடை, பேர் வேணாம். போன வருஷம் வரைக்கும் அங்க நான் பில்லிங். பாய் ரெண்டாவது மாடி, பட்டு செக்‌ஷன். ஐம்பதைத் தாண்டி ஒண்ணு ரெண்டு வயசுதான் இருக்கும்.

காலைல சைதாப்பேட்டைலேருந்து ஒரே ட்ரெயின்ல மாம்பலம் வந்து இறங்குவோம். ஸ்டேஷன் படியேறும்போது பாய் நடுவுல நின்னு சுவத்துல இருக்கற போஸ்டர் எல்லாம் படிப்பாரு. சரியான சினிமா பைத்தியம்னு நெனச்சேன். மூச்சு வாங்குதுன்னு சொல்ல மனுஷனுக்குக் கூச்சம்... அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது.

பாக்கெட்ல இன்ஹேலர் வச்சிருப்பாரு. ஆனா கஸ்டமர் முன்னாடி எடுக்கக்கூடாதுன்னு ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆர்டர். யாரோ ஒரு அம்மா "இது தொத்துமா?"ன்னு கேட்டுட்டாங்களாம்.

அன்னிலேருந்து பாய் ஸ்டாக் ரூமுக்குள்ள போய், அட்டைப்பெட்டிங்க பின்னாடி நின்னு, புஸ் புஸ்னு ரெண்டு அடிச்சுட்டு ஓடி வருவாரு. கல்யாணப் பார்ட்டி உக்காந்துகினு இருக்கும்ல!

எம் பொண்ணுக்கு வீசிங் வந்தப்போதான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது. ஒரு நர்ஸ் என்னை உக்காரவச்சு பொறுமையா சொன்னாங்க. சட்டுனு வாயில அடிச்சா மருந்து நாக்குலயும் தொண்டையிலயும்தான் ஒட்டும், நுரையீரலுக்குப் போகவே போகாதுன்னு.

முதல்ல குலுக்கணும். உள்ள இருக்கற மூச்ச நல்லா வெளிய விடணும். உதட்ட இறுக்கி வச்சு, மெதுவா இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு அமுக்கு. இழுத்துக்கினே போய், பத்து எண்ணற வரைக்கும் மூச்ச பிடிச்சு வைக்கணும். கொஞ்ச நேரம் விட்டு அடுத்த அமுக்கு. இவ்ளோதான்.

மறுநாள் சாப்பாட்டு டைம்ல பாயைப் பிடிச்சேன். எப்படி அடிக்கறீங்க, காட்டுங்கன்னேன். அடிச்சாரு... வாயிலேருந்து அப்படியே புகையா வெளிய வருது!

"பாய், ஒண்ணுமே உள்ள போகல."

"இன்னாமா சொல்ற? ஒம்போது வருசமா அடிச்சிக்கினு கீறேன்!"

"யாருமே சொல்லித் தரலியா?"

"டாக்டர் சீட்டு எழுதுனாரு. மெடிக்கல்ல காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு, நடுவுல முட்டினா ரெண்டுன்னு டப்பா மேல கோடு போட்டுக் குடுத்தான். அப்படியே அடிச்சிக்கினு கீறேன்."

ஒம்போது வருஷம்! ஒரு மிக்ஸி வாங்கினா கூட ஓட்டிக் காட்டிட்டுத்தான்யா குடுக்கறான் கடைக்காரன்.

பாய்க்கு கையும் மூச்சும் சேர்ந்து வரல. அமுக்கி முடிச்சப்புறம் இழுப்பாரு. டாக்டர்கிட்ட நாங்களே போய்க் கேட்டப்புறம் ஸ்பேசர் எழுதிக் குடுத்தாரு. தண்ணி பாட்டில் சைஸ்ல ஒரு பிளாஸ்டிக் குழாய். ஒரு பக்கம் இன்ஹேலர சொருகி அமுக்கினா மருந்து அதுக்குள்ள நிக்கும், இந்தப் பக்கம் வாய வச்சு நிதானமா இழுத்துக்கலாம்.

சில வாரம் போச்சு. ஒரு நாள் மாம்பலம் படி மொத்தமும் நிக்காம ஏறிட்டு, மேல நின்னுகினு எனக்காக வெயிட் பண்றாரு. "ஜெயந்திம்மா, இத்தினி வருசம் நாக்குக்குத்தான் வைத்தியம் பாத்துக்கினு இருந்தேனா!" அப்படி ஒரு சிரிப்பு.

அப்புறம் ஆடித் தள்ளுபடி வந்துச்சு.

சூப்பர்வைசர் ஸ்டாக் ரூமுக்கே பின்னாடி வந்துட்டாரு. "என்ன பாய், ஹூக்கா பிடிக்கறீங்களா? வெளிய பார்ட்டி நிக்குது. இந்தக் குழாய இனிமே கடைக்குள்ள நான் பாக்கக்கூடாது. நோயாளின்னா வீட்ல இருங்க."

அடுத்த நாளே திரும்ப பழைய கதை. பெட்டிங்க பின்னாடி... புஸ் புஸ்.

ஒரு நிமிஷம்தான்யா கேட்டாரு அந்த மனுஷன்! மேனேஜர் சிகரெட் பிடிக்க எத்தன தடவை கீழ போவாரு? கஸ்டமர் எடுக்கவே போறதில்லன்னு தெரிஞ்சும் நாப்பது புடவைய பிரிச்சுக் காட்ட டைம் இருக்கு, மூச்சு இழுக்க டைம் இல்லியா?

இன்னிக்கு கடையோட ஸ்டேட்டஸ் பாத்தேன். பாய் ஃபோட்டோ, சுத்தி பூ. "எங்கள் குடும்பத்தில் ஒருவர்." அதுக்குக் கீழயே, இன்று கடை வழக்கம்போல் உண்டு.

குடும்பமாம்... தூ!

இதெல்லாம் எழுதிட்டு ஒண்ண மட்டும் மறைச்சா நானும் அவங்க மாதிரிதான். சூப்பர்வைசர் கத்தினப்போ நான் அங்கதான் இருந்தேன். பில் ரோல் எடுக்க வந்திருந்தேன்.

பாய் திரும்பி என்னைப் பாத்தாரு.

"சார், அது அவரோட மருந்து சார்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரிஞ்சவ நான் ஒருத்திதான் அந்த ரூம்ல. எனக்கு வேலை முக்கியமாப் போச்சு... ரோலை எடுத்துக்கினு கீழ இறங்கிட்டேன்.

மதியத் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறாங்களாம். கெளம்பறேன்.

நிம்மதியா போங்க பாய். அன்னிக்கு வாயத் தொறக்காத என்னை மன்னிச்சுடுங்க.