எதிர் மேசைக்காரி

சிவப்பு நூல் சுற்றிய ஒரு ஹெட்செட். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சேலம் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், காலியாகக் கிடந்த மேசையில் உட்கார்ந்து அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டேன். நூல் எதற்கென்று யோசிக்கவில்லை. அடுத்த நொடி பின்னாலிருந்து ஒரு கை அதைப் பிடுங்கியது. காதோரத்து முடி இரண்டு மூன்று அதோடு போனது. திரும்பிப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். இழுத்துப் பின்னிய சடை, நெற்றியில் திருநீறு, சிரிப்பே இல்லாத முகம்.

“நூலு சுத்தியிருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா அம்மிணி? அடுத்தவங்க தட்டுலயும் இப்பிடித்தான் கை வெப்பீங்களா?”

திருச்செங்கோட்டுப் பேச்சு. ‘ங்க’ போட்டே ஒருவரை அறைய முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘சீனியர்’ என்றார்கள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளை ‘அவர்’ என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.

எங்கள் வேலை, லாரி முதலாளிகளுக்கு ஃபோன் செய்து வண்டி இன்சூரன்ஸைப் புதுப்பிக்க வைப்பது. எந்த வண்டிக்கு எந்தத் தேதியில் இன்சூரன்ஸ் முடிகிறது என்ற பட்டியல் கம்ப்யூட்டரில் இருக்கும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று நாள் முழுக்கக் கூப்பிட வேண்டும். சம்பளம் பெயருக்குத்தான், கமிஷன்தான் சோறு. யார் முடித்துக் கொடுக்கிறாரோ அவர் பெயரில் ஏறும், வேறு சட்டம் கிடையாது. நான் ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். அப்பா விசைத்தறி ஓட்டினார். “ஆறு மாசம் பாரு. ஒண்ணும் தேறலைன்னா மாப்பிள்ளை பார்த்தாச்சுன்னு வெச்சுக்க” என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவர்.

முதல் மாதம் நான் வாங்கிய திட்டை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. லாரிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் நாங்கள் கூப்பிடும் நேரமெல்லாம் அவர்களுக்குக் கெட்ட நேரம். ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார், ஒருவர் செக்போஸ்ட்டில் நின்றிருப்பார். “ஏனுங்க, உங்களுக்கு வேற பொழப்பே இல்லீங்களா?” என்பார்கள். அதற்குமேல் போகிறவர்களும் உண்டு, அதை இங்கே எழுத முடியாது. மேனேஜர் தினமும் காலையில் எங்கள் பன்னிரண்டு பேரையும் வட்டமாக நிற்கவைத்துக் கைதட்டச் சொல்வார். “இன்னைக்கு முடியும்!” என்று மூன்று தடவை கத்த வேண்டும். சுவரில் மலை உச்சியில் ஒருவன் கை விரித்து நிற்கும் படம் இருந்தது. பத்து மணிக்கு வரும் அந்த உற்சாகம் பதினொன்றரைக்குள், ஏழாவது எட்டாவது திட்டில், போன இடம் தெரியாது. பிறகு கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவேன். எதிர் மேசையில் அவள் அசையாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். நான் கண் சிவந்து வருவதைப் பார்ப்பாள். அதுதான் எனக்குப் பொறுக்காது.

இரண்டாம் மாதம் அது நடந்தது. சங்ககிரியில் ஐந்து வண்டி வைத்திருந்த ஒருவரைப் பத்தொன்பது நாள் விடாமல் பின்தொடர்ந்தேன். முதல் நாள் பேசாமலே வைத்துவிட்டார். நான்காம் நாள் பெயரைக் கேட்டார். பன்னிரண்டாம் நாள், மகளுக்கு என்ன படிப்பு எடுக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். கடைசியில் “நாளைக்கு மத்தியானம் நானே கூப்புடறனுங்க, அஞ்சு வண்டிக்கும் போட்டுருங்க” என்றார். மறுநாள் ஒன்றரை மணிவரை ஃபோனைவிட்டு நகரவில்லை. பசி தாங்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பாதி சாப்பிட்டு ஓடிவந்தேன். அதற்குள் கூப்பிட்டிருக்கிறார். அலுவலக எண்ணுக்கு வரும் அழைப்பை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் எடுத்திருந்தாள். முடித்த கணக்கை எழுதும் சுவர்ப் பலகையில் அவள் பெயருக்கு நேரே ஐந்து கோடுகள் ஏறியிருந்தன.

“அக்கா, அது என்னோட கஸ்டமருங்க. பத்தொம்பது நாளா பேசியிருக்கறன்.”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. “நீ இல்ல. நான் இருந்தேன். இதுல பேச என்ன இருக்குது?”

மேனேஜரிடம் போனேன். “கண்ணு, முடிச்சவங்களுக்குத்தான் கணக்கு. அடுத்த தடவை சீக்கிரம் சாப்பிடு” என்றார். அன்றைக்கு நான் அழவில்லை. அழுகைக்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஆட்டையாம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். உட்கார முடியவில்லை.

வேலையில் எப்படி ஊக்கம் குறையாமல் இருப்பது என்று இன்று என்னிடம் சின்னப் பெண்கள் கேட்கிறார்கள். நல்ல பதிலாக ஏதாவது சொல்லி அனுப்புகிறேன். உண்மையான பதில் அவள்தான். காலையில் எழும்போது அவள் முகம் வரும், எழுந்துவிடுவேன். திட்டு வாங்கும்போது எதிரே பார்ப்பேன், அடுத்த எண்ணை அழுத்துவேன். சாப்பாட்டுக்கு எழுந்து போவதை நிறுத்தினேன். மேசை இழுப்பறையைப் பாதி திறந்து வைத்து, அதற்குள் டப்பாவை வைத்து, இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டேன். அவள் பேசுவதை ஒட்டுக் கேட்டேன். அவள் ‘சார்’ போட மாட்டாள், ‘அண்ணா’ என்பாள். இன்சூரன்ஸை எடுத்தவுடன் பேச மாட்டாள், டயர் என்ன விலை விற்கிறது என்று கேட்பாள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அவர்களே பேசிப் பேசி வந்துவிடுவார்கள். அதையெல்லாம் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டேன். அப்படியும் அவள்தான் முதலிடம், நான் நான்காவது ஐந்தாவது.

திருப்பம் ஒரு மறதியால் வந்தது. சங்ககிரி எண் ஒன்றைக் கூப்பிட்டபோது ஒரு பெண் எடுத்தார்.

“அவரு லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் போயிட்டாருங்க. போனை ஊட்டுலயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. என்ன வேணுமுங்க?”

வண்டி இன்சூரன்ஸ் விஷயம், அவர் வந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைக்கப் போனேன்.

“இருங்க, இருங்க. பேப்பரெல்லாம் எங்கிட்டத்தான் இருக்குது. பீரோவுல பாத்துச் சொல்லட்டுங்களா?”

பீரோ திறக்கும் சத்தம், காகிதம் புரட்டும் சத்தம். தேதியைப் படித்ததும் அந்த அம்மா பதறினார். “இன்னும் நாலு நாளுதானுங்க இருக்குது! இந்த மனுசன் எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே. வழியில ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பதில் சொல்றது?” அன்று மாலைக்குள் இரண்டு வண்டிக்கும் அவரே முடித்துக் கொடுத்தார். பக்கத்து வீட்டு எண்ணையும் தந்தார்.

அன்றிலிருந்து நான் லாரிக்காரர்களைக் கூப்பிடுவதைக் குறைத்தேன், அவர்கள் மனைவிகளைக் கூப்பிட ஆரம்பித்தேன். முதலாளியிடம் “பேப்பர் யார்கிட்டங்க இருக்கு?” என்று ஒரே கேள்வி. “ஊட்டுல இருக்குதுங்க, அவகிட்டக் கேட்டுக்கங்க” என்று நம்பரைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். அந்தப் பெண்கள் தேதியை மறப்பதில்லை, திட்டுவதில்லை, எடுத்த ஃபோனைப் பாதியில் வைப்பதில்லை. ஆறாம் மாதம் பலகையில் என் பெயர் மேலே ஏறியது. வட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. அப்பா அதற்குப் பிறகு மாப்பிள்ளைப் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் எங்களுக்குள் பேச்சு என்பதே கிடையாது. என் டெலிஃபோன் வயர் கழன்று கிடக்கும். என் சொந்த ஃபோனில் கஸ்டமர்களிடம் பேசுகிறேன் என்று மேனேஜரிடம் புகார் போகும். “பொம்பளைங்ககிட்டப் பல்லக் காட்டி வியாபாரம் பண்றா” என்று நான் கேட்கும்படி சொல்வாள். நானும் சும்மா இருக்கவில்லை. அவள் பேசும்போது வேண்டுமென்றே உரக்கப் பேசினேன். ஒரு நாள் அவள் நாற்காலியைத் தாழ்த்தி வைத்தேன், தெரியாமல் உட்கார்ந்து தடுமாறினாள். சிரித்தேன். சின்னத்தனம்தான். அப்போது இனித்தது.

அந்த வருடம் மேனேஜர் புது விதி போட்டார். இரண்டு மாதம் தொடர்ந்து இலக்கைத் தொடாதவர் வீட்டுக்குப் போகலாம். அவள் ஒரு மாதம் கொஞ்சத்தில் தவறவிட்டாள், அந்தக் கொஞ்சம் என் பக்கம் வந்திருந்தது. அடுத்த மாதம் அவளுடைய மகளுக்கு டைஃபாய்டு வந்து, திருச்செங்கோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். பத்து நாள் லீவு. அந்தப் பத்து நாளில் யார் யாருக்கு இன்சூரன்ஸ் முடிகிறது என்று பட்டியலில் பார்த்தேன். வருடாவருடம் அவளிடமே புதுப்பிக்கிறவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒன்பது வீட்டுக்கும் கூப்பிட்டேன். “அந்தக்கா வர்லீங்களா?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். “லீவுங்க, நான் பார்த்துக்கறேன்” என்றேன். ஒன்பதும் என் பெயரில் ஏறின. குழந்தைக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு வழியும் இல்லை.

பதினோராம் நாள் வந்தாள். இளைத்திருந்தாள். பலகையைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் பார்த்தாள், பிறகு நேராக என் மேசைக்கு வந்தாள்.

“ஒம்போது பேரு?”

“நீங்க இல்ல. நான் இருந்தேன்” என்றேன். “இதுல பேச என்னங்க இருக்குது?”

இந்த நிமிஷத்துக்காக ஒரு வருடம் காத்திருந்தேன். அவள் கத்துவாள், எல்லோர் முன்னாலும் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் “ஆமாங்க” என்றாள். தன் இடத்துக்குப் போய் மீதமிருந்த நாட்களில் ராட்சசியைப் போல் வேலை செய்தாள். எட்டவில்லை. மாதக் கடைசியில் மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். வெளியே வந்து, சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேசையாகப் போய் “வாரேனுங்க” என்று சொன்னாள். டீ கொண்டுவரும் அம்மாவிடம்கூடச் சொன்னாள். என் மேசையைத் தாண்டும்போது சொல்லவில்லை.

எதிர் மேசை காலியானதும் எனக்கு வெற்றி ருசிக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டு மாதத்தில் என் எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தால் சுவர்தான் தெரிந்தது. ஒரு வருடம் தள்ளி, முகவர் உரிமம் வாங்கி, சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவில் சொந்தமாக ஒரு சின்ன அலுவலகம் போட்டேன். பழைய லாரிக்கார வீட்டம்மாக்கள் எல்லோரும் கூடவே வந்தார்கள். இப்போது இரண்டு பெண்கள் எனக்காகக் கூப்பிடுகிறார்கள். நான் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு, மதியம் கண்ணயர்ந்துகொண்டு, உடம்பு பெருத்து, நன்றாகத்தான் இருந்தேன்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டம்மா கேட்டார்: “நீங்கதான் பொண்ணு ஒருத்தர உட்டுக் கூப்புட்டிருந்தீங்களா? டயர் வெலையெல்லாம் கேட்டு ரொம்ப நல்லாப் பேசுனாங்க. அவங்ககிட்டயே போட்டுட்டோமுங்க.” டயர் விலை கேட்டுப் பேச்சைத் தொடங்குகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். பட்டியலை எடுத்துச் சரிபார்த்தேன். மூன்று மாதத்தில் பதினொரு பேர் போயிருந்தார்கள். பதினொன்றும் நான் வீட்டம்மாவிடம் பேசிப் பிடித்தவை. அந்த அம்மாவிடமே எண்ணை வாங்கிக் கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

“சொல்லுங்கண்ணா.”

“அண்ணா இல்லீங்க. நாந்தான்.”

யாரென்று கேட்கவில்லை. “ம்” என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே செய்கிறாள் போல.

“என்னோட கஸ்டமர்ங்களக் கூப்பிடறீங்க.”

“கூப்புடறன். பொம்பளைங்களக் கூப்புடோணும்னு பத்து வருசம் எனக்குத் தோணவே இல்ல. நீ சொல்லிக் குடுத்ததுதான்.”

“நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல.”

“நானும் உனக்கு ஒண்ணும் சொல்லிக் குடுக்கலியே. எடுத்துக்கிட்டியல்ல?”

எதையாவது பேச வேண்டும் என்பதற்காக, “பாப்பா இப்ப எப்படி இருக்கா?” என்றேன்.

“அதை நீ கேக்காத.”

குரல் உயரவில்லை. ஆனால் ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தப் பத்து நாளும் அதில் அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எடுக்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

“எத்தன பேரு போயிருக்குது உனக்கு?” என்று கேட்டாள்.

“பதினொண்ணு.”

“பன்னெண்டு அம்மிணி. ஒருத்தரு போனது உனக்கு இன்னுந் தெரியல.”

வைத்துவிட்டாள்.

பட்டியலை எடுத்து மேலிருந்து ஒவ்வொருவராக நானே கூப்பிட ஆரம்பித்தேன். பெண்கள் இரண்டு பேரும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். மதியம் சாப்பிடவில்லை, தூக்கமும் வரவில்லை. அந்தப் பன்னிரண்டாவது ஆள் யாரென்று மாலைவரை பிடிபடவில்லை. தேடிக் கூப்பிட்டதில், போகலாமா வேண்டாமா என்று இருந்த மூன்று வீடுகள் என்னிடமே புதுப்பித்தன. ஒன்பது மணிக்குத் திறக்கும் அலுவலகத்தை மறுநாள் ஏழு மணிக்கே திறந்தேன்.