பந்து இல்லாத ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஜெலுத்தோங் மண்டபத்தில் பூப்பந்துப் போட்டி. பக்கத்து வீட்டு ஷாலினி ஆடுகிறாளே என்று போயிருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் அவளுடைய கோச் சொன்னார்: "கண்ண மூடிக்க. முழு ஆட்டத்தையும் மனசுக்குள்ள ஒரு தடவ ஆடிப் பாரு லா."

புது டெக்னிக்காம்!

எனக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே ராஜியும் வந்தாள்...

ராஜி, யுத்தத்துக்கு முன்னால் என் எதிர்வீட்டுத் தோழி. இரட்டையர் ஆட்டத்தில் என் ஜோடி. கிளப் போட்டியில் ஃபைனல் வரை வந்துவிட்டோம். அதற்குள் பினாங்கில் குண்டு விழுந்தது, ஜப்பான்காரன் வந்தான். ஊரே அழுதது. நாங்கள் எதற்காக அதிகம் அழுதோம் என்று நினைக்கிறீர்கள்? ஃபைனல் நின்றுபோனதற்கு!

கொஞ்ச நாளில் கடைசிப் பந்தும் இறகு உதிர்ந்து மொட்டையானது. அரிசியே கிடைக்காத ஊரில் பந்துக்கு எங்கே போவது? ராஜி விடவில்லை.

"பந்து இல்லாட்டி என்னடி? இருக்குன்னு நெனச்சு ஆடு."

அவள் வீட்டுக் கொல்லையில் மரவள்ளி போக மிச்சமிருந்த இடத்தில் ஆடினோம். வெறும் மட்டை. எதிரே யாருமில்லை. முதலில் வெட்கமாக இருந்தது. போகப் போகப் பந்து கண்ணுக்குத் தெரிந்தது... நிஜமாகவே! சண்டைகூட வந்தது.

"அத ஏன் விட்ட?"

"அவுட்டுடி!"

"கோட்டு மேல விழுந்துச்சு. கண்ண எங்க வச்சிருந்த?"

வலைக்குப் பக்கத்தில் விழுவது எனக்கு. தலைக்கு மேலே போவது அவளுக்கு. அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

பஞ்சம் முற்றியது. ராஜியின் அப்பா குடும்பத்தோடு அக்கரையில் கெடாவுக்குப் பயிர் செய்யப் புறப்பட்டார். படகுத்துறையில் ராஜி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாயங்காலத்துல நீ இங்க ஆடு. நான் அங்க ஆடறேன். என்னிக்காவது போட்டி வைப்பாங்கல்ல?"

ஆடினேன். "பித்துப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று அம்மா திட்டினாள். மட்டையைத் தூக்கினால் பின்னால் ராஜியின் காலடி கேட்கும். அதைக் கேட்கத்தான் ஆடினேனோ என்னவோ.

ஜப்பான்காரன் போனான். ராஜியின் அப்பா வந்தார். அவள் வரவில்லை. மலேரியா... மருந்து கிடைக்கவில்லை.

"கடைசி நாள் சாயங்காலங்கூட பாயில படுத்துக்கிட்டே கைய வீசிக்கிட்டிருந்தாம்மா. ஜுர வேகம்னு நெனச்சோம்."

"இல்ல மாமா. ஆடிக்கிட்டிருந்தா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் மெல்லக் கேட்டார்: "ஜெயிச்சாளா?"

"நாங்க ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருந்தோம் மாமா."

கிளப் மறுபடியும் போட்டி வைத்தது. கனகம் என்று ஒரு புது ஜோடி எனக்கு. நன்றாகவே ஆடினேன். கை கொஞ்சமும் மறக்கவில்லை. ஆனால் முக்கியமான கட்டத்தில் உயரமாக ஒரு பந்து என் தலைக்கு மேலே போனது. நான் அசையவில்லை. காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

பந்து விழும் சத்தம்தான் கேட்டது.

"அக்கா, யாருக்கு விட்டீங்க லா?" என்றாள் கனகம்.

தோற்றுப்போனோம்.

மனசுக்குள் பழகியதை உடம்பு நன்றாகவே கற்றுக்கொள்கிறது. மறப்பதற்குத்தான் இதுவரை ஒருவரும் பயிற்சி கொடுக்கக் காணோம்!