தெரிஞ்ச நாய் கடிச்சா ஊசி வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், அமரவிளை மைதானத்தில் ஊரே பார்க்க என் தம்பியைத் திட்டினேன். அவனுக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது, வங்கியில் வேலை, எடை நூறு கிலோவுக்கு மேல்... இருந்தால் என்ன? தம்பி தம்பிதானே!

காரணம், ஒரு நாய்.

தம்பி ஜஸ்டின் எங்கள் ஊர் வடம்வலி அணியின் ஆங்கர். ஓணம் வந்தால் கேரள எல்லையோரமான இந்தப் பக்கம் கயிறு கட்டி வடம் இழுக்காத கிளப்பே கிடையாது. அணிக்கு ஏழு பேர். கடைசியில் நின்று, வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றுகிறவன்தான் ஆங்கர். அவன் சாய்ந்தால் அணியே சாய்ந்தது. அதனால் ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பே அவனுக்கு வீட்டில் ராஜ மரியாதை தொடங்கிவிடும். முட்டை, நேந்திரம்பழம், விடிந்ததும் ஓட்டப் பயிற்சி.

அந்த ஓட்டத்தில்தான், வியாழக்கிழமை, ஜங்ஷனில் கிடக்கும் நாய் ஒன்று அவன் கெண்டைக்காலில் பல்லை வைத்துவிட்டது. ரத்தம் வரவில்லை, தோல் உரிந்திருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டான். வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அணிக்குச் சொன்னான்! உடனே வாட்ஸ்அப் குழுவில் மருத்துவ ஆலோசனை. ஆலோசகர்கள் யார்? ஒருவர் எலக்ட்ரீஷியன், ஒருவர் பேக்கரி வைத்திருக்கிறார், கேப்டன் சசி ஆட்டோ ஓட்டுகிறார். முடிவு — ஊசி எல்லாம் போட்டி முடிந்த பிறகு.

ஞாயிறு காலை, தம்பி மனைவி சுஜா போனில் அழுதாள். "அக்கா, அவிய கால்ல நாய் கடிச்சிருக்கு. இப்பத்தான் பாத்தேன். ஊசி போடமாட்டாவளாம். நீங்க ஒண்ணு வாங்க."

போனேன். அன்றைக்குத்தான் போட்டி; மைதானத்தில் அணிகளுக்கு எடை பார்க்கும் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"எலே, உன்ன நாய் கடிச்சுதா?"

"தெரிஞ்ச நாயாக்கும், அக்கா. நான் டெய்லி பிஸ்கட் போடுற நாய்."

"தெரிஞ்ச நாய் எதுக்குலே கடிச்சுது?"

 சசி குறுக்கே வந்தார். "அக்கா, அந்த ஊசி ரெண்டு கையிலயும் போடினும். கை வீங்கினா யாரு வடம் பிடிப்பா? நாளைக்குக் காலத்த நானே ஆட்டோல கொண்டு போறேன்."

"அந்த ஊசி மருந்துல என்னெல்லாம் சேக்கினும்னு யாருக்குத் தெரியும்?" இது என் தம்பி.

அங்கேதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஜிம்மில் யாரோ விற்ற பெரிய டப்பாவிலிருந்து தினமும் ஒரு பவுடரைக் கலக்கிக் குடிக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது கேட்டிருப்பானா?

இவன் மட்டுமா? எனக்குத் தெரிந்த ஓட்டக்காரர்கள், ஷட்டில் ஆடுகிறவர்கள்... முக்கால்வாசிப் பேர் இதே ரகம். உடம்பைப் பார்த்துப் பார்த்து வளர்ப்பார்கள். வளர்த்ததனாலேயே அதற்கு ஒன்றும் வராது என்று நம்பிவிடுவார்கள். வெறிநோய்க் கிருமி என்ன, பைசெப்ஸ் பார்த்தா பயப்படும்?

அந்த நோய் வந்தபிறகு மருந்து கிடையாது என்று சொன்னேன். சுஜாவை நினைத்துப் பார் என்றேன். ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று கெஞ்சினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாராவாரம் பத்தி எழுதி ஊரைத் திருத்தப் பார்க்கிறவள், சொந்தத் தம்பியிடம் தோற்று நின்றேன்.

சத்தம் கேட்டு எதிரணி கேப்டன் வந்தான். உதியன்குளங்கரை பிஜு. மூன்று ஓணமாக ஜஸ்டினிடம் தோற்றுக்கொண்டிருப்பவன். விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, கையிலிருந்த வடத்தை அப்படியே கீழே போட்டான்.

"மக்கா ஜஸ்டினே, நீ கையில துப்பித்தான வடம் பிடிப்ப? நாய் கடிச்ச ஆளு துப்பின வடத்த எங்க பயலுவ தொடமாட்டினும். எங்களுக்கும் வந்தா? போய் ஊசி போட்டுட்டு வா. மேட்ச் சாயங்காலம் வச்சுக்கிடலாம்."

அவன் ஆட்கள் ஆறு பேரும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

வடத்தில் துப்பினால் பரவாது. எனக்கு நன்றாகத் தெரியும். தப்பான தகவலைக் கண்டால் சண்டைக்குப் போகிற நான், அன்று வாயே திறக்கவில்லை. எதிரணி இல்லாமல் வடம் இழுக்க முடியுமா? சசியே ஓடிப்போய் ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினார்.

ஆஸ்பத்திரியில் ஜஸ்டின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். "இத்ரேம் வலிய ஆளினு ஒரு சூசியெ பேடியோ?" என்று நர்ஸ் சிரித்தார். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு ஊசியைக் கண்டு பயம்! இரண்டு கையிலும் போட்டு, மீதி ஊசிகளுக்கும் தேதி சொல்லி அனுப்பினார். அந்தத் தேதிகளுக்கு இனி சுஜா காவல்.

சாயங்காலம் போட்டி. கை கொஞ்சம் வலித்ததாம். ஆனாலும் இழுத்தான். ஜெயித்தான்!

கொட்டுச் சத்தத்துக்கு நடுவே பிஜுவைத் தனியாகப் பிடித்தேன். "அது அப்படியெல்லாம் பரவாதுடே, உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா. எனக்க பெண்டாட்டி நர்ஸாக்கும்."

"பின்னே எதுக்கு அப்படிச் சொன்ன?"

முதுகில் அப்பியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே, அணியினர் தோளில் தூக்கிவைத்து ஆடும் என் தம்பியைப் பார்த்தான்.

"அடுத்த ஓணத்துக்கும் அவன் உயிரோட வேணும் அக்கா. நான் அவனத் தோக்கடிக்கண்டாமா?"